ஆக்ஸ்ஃபோர்டில் எந்த வேலைக்கு எந்த வாசல்? புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுநிலைப் படிப்புக்கு ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைத்தவருக்கு இரண்டு தடவை தகவல் வரும். முதலில் துறையிலிருந்து ஒன்று. அப்புறம், சில வாரங்கள் கழித்துக்கூட, ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்று. இரண்டாவதைப் பார்த்ததும் பலருக்குப் பயம் வந்துவிடுகிறது. "இந்தக் கல்லூரிக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லையே, இது போலியா? எதை ஏற்பது, எதை விடுவது?"

இரண்டும் உண்மை, இரண்டும் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் இரண்டு அமைப்புகளின் உறுப்பினர். ஒன்று பல்கலைக்கழகம், மற்றது கல்லூரி. இரண்டுக்கும் தனித்தனி நிர்வாகம், தனித்தனி சொத்து, தனித்தனி அலுவலகம். எந்தக் காரியம் யாருடையது என்று தெரியாமல் அலைந்தே முதல் பருவத்தைக் கழிப்பவர்கள் உண்டு. அந்தப் பிரிவினையை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு உருவாக்கவில்லை. 800 ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அதனால் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பது தானாகவே பிடிபட்டுவிடும். இந்தக் கட்டுரையை வரலாற்றிலிருந்து தொடங்குவது அதற்காகத்தான்.

முதலில் ஆசிரியர் சங்கம், பிறகுதான் கல்லூரி

1096-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடந்திருக்கிறது. 1167-ல் இரண்டாம் ஹென்றி மன்னர், ஆங்கிலேய மாணவர்கள் பாரிஸுக்குப் போய்ப் படிக்கக் கூடாது என்று தடுத்த பிறகு கூட்டம் வேகமாகப் பெருகியது. நிறுவியவர் இன்னார் என்று ஒருவரைக் காட்ட முடியாது. நிறுவிய நாளும் இல்லை. ஆசிரியர்கள் வாடகை அறைகளில் பாடம் நடத்தினார்கள், சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். யார் பாடம் நடத்தலாம், யாரைத் தேர்வு செய்து பட்டம் தரலாம் என்று முடிவு செய்வது அந்தச் சங்கத்தின் வேலை. பல்கலைக்கழகம் என்பது அதுதான். மாணவன் எங்கே தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான் என்பது அதன் பொறுப்பாக இருக்கவில்லை.

அதனால் மாணவர்கள் ஊராரின் வீடுகளில் தங்கினார்கள், ஊராரோடு ஓயாத சண்டை. 1209-ல் ஒரு பெண் கொல்லப்பட்டாள். குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்ட மாணவன் தப்பி ஓடிவிட்டான். அவனோடு தங்கியிருந்தவர்களை ஊரார் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்திவிட்டு ஊரைக் காலி செய்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கேம்பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் அது. 1214-ல் போப்பின் தூதர் வந்து சமரசம் செய்தார். பத்து ஆண்டுகளுக்கு வாடகை பாதி, ஏழை மாணவர்களுக்காக ஊர் ஆண்டுதோறும் 52 ஷில்லிங் தர வேண்டும் என்றெல்லாம் தீர்ப்பு. ஆக்ஸ்ஃபோர்டின் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று மாணவர் வாடகையைப் பற்றிப் பேசுகிறது. இன்றும் அந்த ஊரில் மாணவர்களை அதிகம் வாட்டுவது வாடகைதான்.

சண்டை அதோடு ஓயவில்லை. 1355 பிப்ரவரி 10-ஆம் தேதி, கார்ஃபாக்ஸ் நாற்சந்தியில் இருந்த ஒரு மதுக்கடையில், ஊற்றிய ஒயின் நன்றாக இல்லை என்று தொடங்கிய வாக்குவாதம் மூன்று நாள் கலவரமாகியது. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 63 பேர் இறந்ததாகக் கணக்கு. ஊரார் பக்கத்திலும் ஏறக்குறைய 30 பேர். மன்னர் மூன்றாம் எட்வர்ட் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். இறந்தவர் தலைக்கு ஒரு பென்னி வீதம் 63 பென்னிகளை ஊர்த் தலைவர் ஆண்டுதோறும் கொண்டுவந்து செலுத்த வேண்டும் என்று ஏற்பாடானது. 1825 வரை அது நடந்தது.

ஊருக்குள் சிதறிக் கிடந்தால் பாதுகாப்பில்லை, ஏழைகளுக்குச் சோறும் இல்லை. கல்லூரிகள் பிறந்தது இந்தத் தேவையிலிருந்து. 1249-ல் டர்ஹாம் ஊர் வில்லியம் விட்டுச்சென்ற பணத்தில் யூனிவர்சிட்டி காலேஜ் வந்தது. ஜான் டி பேலியல் என்ற பிரபு டர்ஹாம் பிஷப்போடு தகராறு செய்து, அதற்குப் பரிகாரமாக 1263 வாக்கில் ஏழை மாணவர்களுக்கு ஒரு வீடு எடுத்துக் கொடுத்தார். பேலியல் கல்லூரி அது. 1264-ல் வால்டர் டி மெர்ட்டன் தன் நிலங்களை எழுதிவைத்து, உறுப்பினர்களே தங்களை ஆண்டுகொள்ளும்படி விதிகளும் வகுத்தார். பின்னால் வந்த கல்லூரிகள் பலவும் மெர்ட்டனைப் பார்த்து எழுதிக்கொண்டவைதான். ஆக, கல்லூரி என்றால் கூரை, சாப்பாடு, சொந்தச் சொத்து, சொந்த விதி. மூத்தவர்கள் அங்கேயே தங்கிய இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும், குறிப்பாக 1379-ல் நியூ காலேஜ் வந்த பிறகு, பாடமும் மெல்லக் கல்லூரிக்குள் நுழைந்தது.

19-ஆம் நூற்றாண்டில் இன்னொரு மாற்றம். அறிவியல் படிப்புக்கு ஆய்வகம் வேண்டும், அதற்கான செலவு எந்தத் தனிக் கல்லூரிக்கும் தாங்காது. எனவே ஆய்வகங்களைப் பல்கலைக்கழகமே கட்டியது. 1860-ல் பார்க்ஸ் ரோடில் திறந்த அருங்காட்சியகக் கட்டடம் அதற்கு ஆரம்பம். இன்றும் அறிவியல் துறைகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம்தான்.

சரி, இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது? தங்குமிடம், சாப்பாடு, உடல்நலம், மனநலம், இளநிலை மாணவரின் அன்றாடப் படிப்பு: கல்லூரி. விரிவுரை, ஆய்வகம், தேர்வு, பட்டம், ஆராய்ச்சி வழிகாட்டி: பல்கலைக்கழகத்தின் துறை. பத்தில் ஒன்பது கேள்விகளுக்கு இந்த ஒரு பிரிவினை பதில் சொல்லிவிடும்.

நம் ஊர் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைந்தது. இணைப்புக் கல்லூரி என்ற நம் பழக்கம் அந்த வழியில் வந்தது. அந்தக் கணக்கை ஆக்ஸ்ஃபோர்டில் போடாதீர்கள். மெர்ட்டனில் இருப்பவரும் வேறு கல்லூரியில் இருப்பவரும் ஒரே விரிவுரை அறையில் உட்காருவார்கள், ஒரே தேர்வு எழுதுவார்கள், ஒரே பட்டம் வாங்குவார்கள்.

படி 1: விண்ணப்பமும் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதும்

முதலில் பெயரைச் சரிபாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ப்ரூக்ஸ் பல்கலைக்கழகம் என்று ஹெடிங்டன் பகுதியில் ஒன்று இருக்கிறது. 1992-ல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற, முற்றிலும் வேறான நிறுவனம் அது. "ஆக்ஸ்ஃபோர்டு" என்ற பெயரைச் சேர்த்துக்கொண்ட தனியார் மொழிப் பள்ளிகளும் டியூஷன் மையங்களும் அந்த ஊரில் நிறைய. ஊரின் பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஏமாறுவது எளிது.

இளநிலைக்கு யூகாஸ் என்ற பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பம், கடைசி நாள் அக்டோபர் 15. மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு ஜனவரி வரை நேரம் இருப்பதால் இந்தத் தேதியைத் தவறவிடுபவர்கள் அதிகம். ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் போட முடியாது. இளநிலையில் ஆளைத் தேர்ந்தெடுப்பது டியூட்டர்கள் எனப்படும் கல்லூரி ஆசிரியர்கள். டிசம்பரில் நேர்காணல் செய்வதும் அவர்களே. விருப்பமான கல்லூரியைக் குறிப்பிடலாம், குறிப்பிடாமலும் விடலாம். குறிப்பிட்ட கல்லூரியில் இடம் இல்லாவிட்டால் வேறு கல்லூரி உங்களை எடுத்துக்கொள்ள வழி உண்டு.

முதுநிலையில் இது தலைகீழ். தேர்ந்தெடுப்பது துறை. கல்லூரி விருப்பம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் துறையின் முடிவு மாறாது. துறை இடம் கொடுத்துவிட்டால் ஏதாவது ஒரு கல்லூரி நிச்சயம் உண்டு. பெரும்பாலான படிப்புகளுக்குக் கடைசி நாள் டிசம்பரிலோ ஜனவரியிலோ வரும். அந்தத் தேதிக்குள் போட்டால் பல்கலைக்கழகம் தரும் கிளாரண்டன் உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை, தானாகவே பரிசீலிப்பார்கள். ரோட்ஸ் உதவித்தொகை அப்படியல்ல. அது தனி அறக்கட்டளை, தனி விண்ணப்பம், தனி நேர்காணல்.

எந்தக் கல்லூரி என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கு என் கருத்து: பழம்பெருமையைப் பார்க்காதீர்கள். எத்தனை ஆண்டுக்கு அறை தருகிறார்கள், உங்கள் துறைக்கு எவ்வளவு தூரம், முதுநிலை மாணவர்கள் எத்தனை பேர், சமையலறை உண்டா என்று பாருங்கள். மொத்தம் 43 இருக்கின்றன: 36 தன்னாட்சிக் கல்லூரிகள், பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் 3 கல்லூரிகள், கிறிஸ்தவ சபைகள் நிறுவிய 4 தனி ஹால்கள். ஆல் சோல்ஸ் கல்லூரியில் இளநிலை மாணவர்களே கிடையாது. நஃபீல்டு, செயின்ட் ஆண்டனிஸ், வுல்ஃப்சன், லினக்கர் போன்றவை முதுநிலைக்கு மட்டும். குடும்பத்தோடு வருபவர்களும் முப்பது வயதைத் தாண்டியவர்களும் இவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கல் கோபுரங்கள் படத்தில் அழகாக இருக்கும், குளிர்காலத்தில் வெதுவெதுப்பான புதிய கட்டடத்தின் அருமை வேறு.

படி 2: வந்து இறங்கிய முதல் வாரம்

பெட்டியோடு நேராகப் போக வேண்டிய இடம் உங்கள் கல்லூரி வாசலில் இருக்கும் போர்ட்டர்ஸ் லாட்ஜ். சாவி, தபால், பார்சல், பூட்டிக்கொண்ட கதவு, நள்ளிரவில் காய்ச்சல், எல்லாவற்றுக்கும் முதல் ஆள் அங்கே இருப்பவர்தான். போர்ட்டரை வாட்ச்மேன் என்று நினைத்து நடந்துகொள்வது பெரிய தவறு. கல்லூரியை உண்மையில் அறிந்தவர்கள் அவர்கள். பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தினமும் வணக்கம் சொல்லுங்கள். அறையைச் சுத்தம் செய்ய வருபவரை ஸ்கவுட் என்பார்கள், அவரிடமும் அப்படியே. தபால் போடும் சின்ன அறைப்பெட்டிக்குப் பிட்ஜ் என்று பெயர். சாப்பாடு, வாடகை எல்லாம் சேர்ந்து பருவத்துக்கு ஒருமுறை வரும் கல்லூரிக் கணக்குக்கு பேட்டல்ஸ் என்று பெயர். அந்தப் பெயரில் மின்னஞ்சல் வந்தால் திறந்து பாருங்கள், அது பில்.

அந்த வாரத்துக்குள் இவற்றை முடித்துவிடுங்கள். பல்கலைக்கழகக் கணக்கில் இணையப் பதிவு. கல்லூரியில் கடவுச்சீட்டையும் விசாவையும் காட்டிச் சரிபார்ப்பு. பாட் கார்டு என்று சொல்லப்படும் அட்டை. நூலகம், கல்லூரிக் கதவு, உணவுக்கூடம் எல்லாவற்றுக்கும் அதுவே. பதிவு முடிந்ததும் இணையத்திலேயே மாணவர் சான்றிதழை எடுத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு தொடங்க அது வேண்டும். அப்புறம் மருத்துவர். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு மருத்துவர் கிளினிக்கோடு ஏற்பாடு இருக்கும். விசாவோடு நீங்கள் ஏற்கெனவே சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள், ஆனால் மருத்துவரிடம் பதிவு செய்யாவிட்டால் காய்ச்சல் வரும் நாளில் திண்டாட்டம். நல்ல உடம்போடு இருக்கும்போதே போய்ப் பதிந்துவிடுங்கள்.

தங்கும் இடத்துக்கும் விதி உண்டு. கார்ஃபாக்ஸிலிருந்து இளநிலை மாணவர்கள் 6 மைலுக்குள்ளும், முதுநிலை மாணவர்கள் 25 மைலுக்குள்ளும் வசிக்க வேண்டும். லண்டனில் உறவினர் வீட்டில் தங்கித் தினமும் வந்துபோகலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

மெட்ரிகுலேஷன் என்ற சடங்கு பெரும்பாலோருக்கு முதல் பருவத்தின் முதல் வார சனிக்கிழமை நடக்கும். கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து 1669-ல் முடிந்த ஷெல்டோனியன் அரங்கில், லத்தீனில் சில வரிகள். அதோடு நீங்கள் பல்கலைக்கழகத்தின் உறுப்பினர். உங்களை அழைத்துப் போய் நிறுத்துவது கல்லூரி, ஏற்றுக்கொள்வது பல்கலைக்கழகம். இரண்டு அமைப்புகளும் ஒரே அறையில் கைமாற்றிக்கொள்வதைக் கண்ணால் பார்க்கக்கூடிய தருணம் என்பதால் எனக்கு இந்தச் சடங்கின் மேல் தனி மரியாதை. கறுப்பு கவுன், சதுரத் தொப்பி, அடர்நிற உடை, வெள்ளைச் சட்டை சேர்ந்த உடுப்பை சப் ஃபஸ்க் என்கிறார்கள். இளநிலைக்கும் முதுநிலைக்கும் கவுன் வேறு வேறு என்பதால் ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு வர வேண்டாம். மூத்த மாணவர்களிடம் பழையது மலிவாகக் கிடைக்கும்.

அந்தச் சடங்கில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை என்பதையும் அறிந்துகொண்டு போங்கள். 1581 முதல், இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கைகளில் கையெழுத்திடாதவர் உள்ளே நுழைய முடியாது. மதத் தடைகள் பெருமளவு நீங்க 1871 ஆயிற்று. பெண்களுக்கென்று தொடங்கிய லேடி மார்கரெட் ஹால், சோமர்வில் என்ற இரண்டு கல்லூரிகளும் 1879-ல் மாணவிகளைச் சேர்த்தன. மும்பை மாகாணத்திலிருந்து போன கொர்னீலியா சொராப்ஜி சோமர்வில்லில் சட்டம் படித்து 1892-ல் தேர்வும் எழுதினார். பட்டம் கொடுக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1920-ல்தான். ஆண்கள் கல்லூரிகள் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது 1974-ல். கடைசியாக ஓரியல் 1985-ல்.

படி 3: நாட்காட்டியைப் பிடித்துக்கொள்வது

ஆண்டுக்கு மூன்று பருவம்: அக்டோபரில் மைக்கேல்மஸ், ஜனவரியில் ஹிலரி, ஏப்ரல் கடைசியில் ட்ரினிட்டி. ஒவ்வொன்றும் 8 வாரம் மட்டுமே. யாரும் "நவம்பர் 5" என்று சொல்ல மாட்டார்கள், "நான்காம் வாரம் செவ்வாய்" என்பார்கள். வாரம் ஞாயிறன்று தொடங்கும். முதல் வாரத்துக்கு முந்தியது பூஜ்ய வாரம்.

எட்டு வாரம் என்பது மிகக் குறைவு. ஐந்தாம் வாரத்தில் எல்லோருக்கும் சோர்வு வரும், அதற்கென்றே பெயர் வைத்துப் பேசுவார்கள். உங்களுக்கு மட்டும் நேர்வதாக நினைத்து அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள்.

வெளிநாட்டு இளநிலை மாணவர்கள் கவனிக்க: பருவம் முடிந்ததும் பல கல்லூரிகளில் அறையைக் காலி செய்ய வேண்டும். டிசம்பரில் ஆறு வாரம் எங்கே போவது? விடுமுறையில் தங்குவதற்கும் பெட்டிகளை வைப்பதற்கும் கல்லூரியில் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இதற்கான கடைசித் தேதியைப் பருவத்தின் ஆரம்பத்திலேயே கேட்டு வையுங்கள். முதுநிலையினருக்குப் பெரும்பாலும் ஆண்டு முழுவதற்குமான ஒப்பந்தம், இந்தக் கவலை குறைவு.

படி 4: டியூட்டோரியல்

ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டால் கட்டடத்தைக் காட்ட மாட்டேன், இதைக் காட்டுவேன். இரண்டு மூன்று மாணவர்கள், ஒரு ஆசிரியர், ஒரு மணி நேரம். கலைப் பாடம் என்றால் அந்த வாரத்துக்கு ஒரு கேள்வியும் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலும் கொடுத்திருப்பார்கள். நீங்கள் கட்டுரை எழுதிக்கொண்டு போக வேண்டும். கணிதம், அறிவியல் என்றால் கணக்குத் தாள். பிறகு அந்த ஒரு மணி நேரமும் நீங்கள் எழுதியதைப் பற்றித்தான் பேச்சு. இந்த முறை இன்றைய வடிவத்தைப் பெற்றது 19-ஆம் நூற்றாண்டில், பேலியல் கல்லூரியின் தலைவராக இருந்த பெஞ்சமின் ஜவுட் போன்றவர்களின் கையில்.

நம்மில் பலர் தடுமாறுவது இங்கேதான். ஆசிரியர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வருவதே மரியாதை என்று பழகியிருக்கிறோம். இங்கே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் படிக்காமல் வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். டியூட்டர் உங்கள் வாதத்தை மறுத்தால் கோபம் என்று பொருளில்லை. நீங்கள் அதைத் தாங்கிப் பிடிக்கிறீர்களா என்று பார்க்கிறார். "நீங்கள் சொல்வது சரி" என்று உடனே விட்டுக்கொடுத்தால் அவருக்கும் ஏமாற்றம். "இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம், ஏனென்றால்..." என்று தொடங்கிப் பழகுங்கள். சார், மேடம் எல்லாம் வேண்டாம். பெரும்பாலோர் முதல் பெயரில் அழைக்கச் சொல்வார்கள். நாக்கு கூசும், பரவாயில்லை, சில வாரங்களில் பழகிவிடும்.

படிக்கச் சொன்ன பட்டியலை முழுதாக முடிக்க யாராலும் முடியாது. இரண்டு நூல்களை ஆழமாகப் படித்து, மற்றவற்றில் தேவையான அத்தியாயத்தை மட்டும் பார்த்து, முதல் வரியிலேயே கேள்விக்குப் பதில் சொல்லிவிடும் கட்டுரை போதும்.

முதுநிலையில் பெரும்பாலும் டியூட்டோரியல் இருக்காது. துறையில் ஒரு சூப்பர்வைசர், கல்லூரியில் ஒரு ஆலோசகர். படிப்பைப் பற்றி முதலாமவரிடம் பேச வேண்டும். அவரோடு ஒத்துவரவில்லை என்றால் இரண்டாமவரிடம் பேசலாம். அவர் வேறு அமைப்பைச் சேர்ந்தவர் என்பதே உங்களுக்குப் பலம். இதைப் பலர் பயன்படுத்திக்கொள்வதே இல்லை. இங்கே முனைவர் பட்டத்துக்கு டி.ஃபில். என்று பெயர். சேரும்போது நீங்கள் தற்காலிக ஆய்வு மாணவர்தான். முதலில் தகுதி மாற்றம், பிறகு உறுதிப்படுத்தல் என்று இரண்டு கட்டங்களைத் தாண்டிய பிறகே ஆய்வேடு.

கல்லூரி என்ற அமைப்பு ஒரு மனிதருக்கு என்ன செய்யும் என்பதற்குத் தமிழோடு தொடர்புள்ள சாட்சி ஒன்று உண்டு. ஜி.யு. போப் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய பின் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார், பேலியல் கல்லூரியோடு சேர்ந்திருந்தார். ஒரு மாலை பேலியல் முற்றத்தில் ஜவுட்டோடு நடந்தபோது, திருவாசக மொழிபெயர்ப்பை முடிக்கத் தன் ஆயுள் போதுமோ என்ற தயக்கத்தைச் சொல்லியிருக்கிறார். பெரிய வேலை கையில் இருப்பதே நீண்ட நாள் வாழ வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று ஜவுட் தோளில் கைவைத்துச் சொன்னாராம். 1900-ல், போப்புக்கு 80 வயது ஆனபோது, நூல் வெளிவந்தது. இதை அவரே அதன் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஜெரிகோ பகுதியில் வால்டன் ஸ்ட்ரீட்டை ஒட்டிய செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லூரி முற்றத்திலும் உணவு மேசையிலும் வேறு துறைக்காரரோடு நடக்கும் பேச்சை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். அந்த அமைப்பின் பயனில் பாதி அதில்தான்.

படி 5: நூலகம்

ஒவ்வொருவருக்கும் மூன்று அடுக்கு உண்டு. கல்லூரி நூலகம், பாடப் புத்தகம் இரவல் வாங்க. துறை நூலகம். அதற்கு மேல் பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகமான பாட்லியன். தாமஸ் பாட்லி 1602-ல் திறந்தது. 1610-ல் லண்டன் பதிப்பாளர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தால் இங்கிலாந்தில் அச்சாகும் நூல்கள் அங்கே வரத் தொடங்கின. இன்று 1 கோடியே 30 லட்சத்துக்கு மேல் அச்சு நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. தமிழ் ஓலைச்சுவடிகளும் உண்டு. மையக் கட்டடத்திலிருந்து புத்தகத்தை வெளியே எடுத்துப் போக முடியாது. 1645-ல் முதலாம் சார்லஸ் மன்னரே ஆள் அனுப்பிக் கேட்டபோது நூலகர் ஜான் ரவுஸ் கொடுக்க மறுத்துவிட்டார். நூலகத்துக்குள் தீ கொண்டுவர மாட்டேன், மூட்ட மாட்டேன் என்று உறுதிமொழியும் உண்டு.

பெரும்பகுதி நூல்கள் ஸ்விண்டனில் உள்ள கிடங்கில் இருக்கின்றன. இணையத்தில் கேட்டால் வாசிப்பறைக்கு வரவழைப்பார்கள். கட்டுரை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு கேட்டால் வந்து சேராது.

படி 6: தேர்வு

உங்களுக்குப் பாடம் சொல்லும் டியூட்டர் உங்கள் விடைத்தாளுக்கு மதிப்பெண் போடுபவர் அல்ல. டியூட்டர் கல்லூரியின் ஆள். தேர்வு பல்கலைக்கழகத்தினுடையது, விடைத்தாளில் பெயர்கூட இருக்காது, எண் மட்டும். 13-ஆம் நூற்றாண்டின் ஆசிரியர் சங்கம் விட்டுக்கொடுக்காத அதிகாரம் இது. இதில் மாணவருக்கு நன்மை அதிகம். தெரியாததை டியூட்டரிடம் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். அதனால் மதிப்பெண் குறையாது.

இளநிலையில் பெரும்பாலும் முதல் ஆண்டு முடிவில் பிரிலிம்ஸ் அல்லது மாட்ஸ் என்ற முதல் கட்டத் தேர்வு. பெரும்பாலான படிப்புகளில் அதன் மதிப்பெண் இறுதி வகுப்பில் சேராது, தேறினால் போதும். கடைசியில் ஃபைனல்ஸ். இடையே பருவத் தொடக்கத்தில் கல்லூரி வைக்கும் மாதிரித் தேர்வு கலெக்‌ஷன்ஸ். அது பட்டத்தில் சேராது. ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் எக்ஸாமினேஷன் ஸ்கூல்ஸ் கட்டடத்துக்கு சப் ஃபஸ்க் அணிந்துதான் போக வேண்டும். முதல் தாளுக்கு வெள்ளை, நடுவில் இளஞ்சிவப்பு, கடைசித் தாளுக்குச் சிவப்பு என்று கார்னேஷன் பூவும் குத்திக்கொள்வார்கள். பழைய வழக்கத்தைத் திணிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2015-ல் மாணவர்களிடமே வாக்கெடுப்பு வைத்தபோது நான்கில் மூன்று பங்குக்கு மேல் உடுப்பு இருக்கட்டும் என்றார்கள்.

உடல்நலக் குறைவோ வீட்டில் துக்கமோ தேர்வைப் பாதித்தால், விடைத்தாள் திருத்துபவருக்கு நீங்களே கடிதம் எழுதாதீர்கள். கல்லூரி அலுவலகத்தின் உதவியோடு, உரிய சான்றோடு, உரிய படிவத்தில் போக வேண்டும். முடிவு வந்த பிறகு சொன்னால் மதிப்புக் குறைவு, எனவே உடனே சொல்லுங்கள்.

யார் யார் மேலே இருக்கிறார்கள்

வேந்தர் பதவி பெரும்பாலும் சடங்கு சார்ந்தது. பழைய மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024-ல் முதன்முறையாக இணையத்தில் நடந்த தேர்தலில் வில்லியம் ஹேக் வென்றார். நிர்வாகம் துணைவேந்தரிடம், 2023 முதல் ஐரீன் ட்ரேசி. துறைகள் நான்கு பெரும் பிரிவுகளுக்குள் வருகின்றன: மொழி, வரலாறு போன்ற கலைத் துறைகள், சமூக அறிவியல், கணிதமும் இயற்பியலும் உயிரியலும் சேர்ந்த பிரிவு, மருத்துவம்.

ஆனால் இறுதி அதிகாரம் காங்கிரிகேஷன் என்ற பேரவைக்கு. ஆசிரியர்களும் மூத்த அலுவலர்களுமாக ஆயிரக்கணக்கானோர் அதில் உறுப்பினர். 1985-ல், பதவியில் இருந்த பிரதமர் மார்கரெட் தாட்சருக்குக் கௌரவப் பட்டம் தருவதை 738-க்கு 319 என்ற வாக்கில் அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆசிரியர் சங்கம் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

மாணவருக்கு நேரடியாகத் தேவைப்படுபவர்கள் பிராக்டர்கள் இருவர். கல்லூரிகள் முறைவைத்து ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் இவர்கள் ஒழுங்கு, தேர்வு முறையீடு, புகார் ஆகியவற்றைக் கவனிக்கிறார்கள். கல்லூரித் தலைவரை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பெயரில் அழைப்பார்கள்: பேலியலில் மாஸ்டர், மெர்ட்டனில் வார்டன், மாட்லினில் பிரசிடென்ட், ஓரியலில் ப்ரோவோஸ்ட், எக்ஸிட்டரில் ரெக்டர், கிறைஸ்ட் சர்ச்சில் டீன். மற்றக் கல்லூரிகளில் டீன் என்றால் ஒழுங்கு பார்ப்பவர். மின்னஞ்சல் அனுப்பும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம்: மாணவர் சங்கமும் ஆக்ஸ்ஃபோர்டு யூனியனும் வேறு வேறு. முன்னதில் நீங்கள் தானாகவே உறுப்பினர். யூனியன் 1823-ல் தொடங்கிய தனியார் விவாத மன்றம், கட்டணம் உண்டு. இலங்கையின் வெளியுறவு அமைச்சராக இருந்த லக்ஷ்மன் கதிர்காமர் 1959-ல் அதன் தலைவராக இருந்தார். விவாதத்தில் ஆர்வம் இருந்தால் நல்ல செலவு. கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்ந்துவிட்டு ஒருநாளும் போகாதவர்கள்தான் அதிகம். உங்களுக்கு அன்றாடம் உதவுவது கல்லூரியின் மாணவர் மன்றமே: இளநிலைக்கு ஜே.சி.ஆர்., முதுநிலைக்கு எம்.சி.ஆர்.

கடைசிப் படி: பட்டம்

தேறியதும் பட்டம் தானாக வீட்டுக்கு வராது. பட்டமளிப்பு நாளுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவு கல்லூரி வழியாக. மெட்ரிகுலேஷனில் உங்களைக் கூட்டிப்போன கல்லூரிதான் இங்கும் உங்களை நிறுத்தும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். பெற்றோருக்கு விசா எடுக்கவும் காலம் வேண்டும். வர முடியாதவர்கள் நேரில் இல்லாமலேயே பட்டம் பெறலாம், ஆனால் அதற்கும் பெயர் கொடுத்தாக வேண்டும். சான்றிதழ் கைக்கு வரும் முன்பே வேலைக்கோ விசாவுக்கோ ஆதாரம் கேட்டால், படிப்பு முடிந்ததை உறுதிசெய்யும் கடிதத்தையும் மதிப்பெண் பட்டியலையும் பல்கலைக்கழகத்திலிருந்து பெற்றுக்கொள்ளுங்கள்.

பட்டத்தின் பெயரை ஊரில் விளக்க வேண்டிவரும். சட்டம் படித்த இளநிலை மாணவருக்குக் கிடைப்பது பி.ஏ. பி.சி.எல். என்பது பெயரில் இளநிலை போலத் தெரிந்தாலும் உயர்நிலைச் சட்டப் படிப்பு; தத்துவத்தில் பி.ஃபில்.லும் அப்படியே. பி.ஏ. வாங்கியவர் மெட்ரிகுலேஷனிலிருந்து 21 பருவம், அதாவது ஏழு ஆண்டு, கழிந்தால் வேறு தேர்வு எழுதாமலேயே எம்.ஏ. பெறலாம். அதைப் படித்து வாங்கிய முதுநிலை என்று விண்ணப்பங்களில் போடாதீர்கள். கேட்கும் நிறுவனத்துக்கு இந்த முறை தெரியாமல் போகலாம். எம்.எஸ்சி., எம்.ஃபில்., டி.ஃபில். எல்லாம் படித்து, தேர்வெழுதி வாங்குபவை.